தல மரத்தடியில் உட்கார இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயிலுக்கு வருகிறவர்கள் அந்தக் கோயிலுக்குரிய புனித மரமான தல மரத்துக்குச் செய்யும் மரியாதை இன்று மூன்று சுற்று, ஒரு மஞ்சள் கயிறு, ஒரு செல்போன் படம் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. மரத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. நம் தலங்கள் பலவற்றுக்குப் பழைய பெயரே மரத்தால் வந்ததுதான். மதுரை கடம்பவனம், நெல்லை வேணுவனம், சிதம்பரம் தில்லைவனம். திருவானைக்காவலில் வெண்நாவல், மயிலாப்பூரில் புன்னை, குற்றாலத்தில் குறும்பலா, காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் மா. மன அமைதிக்காகப் பணம் கட்டி வகுப்புக்குப் போகிறவர்கள் பெருகியிருக்கும் காலம் இது. உட்கார்ந்து மனம் அடங்க ஓர் இடம் பிரகாரத்திலேயே இருக்கிறது.

மரத்தைப் பார்த்து உட்காரும் முறை எளிது. ஒரே மரம், தினம் 20 நிமிடம், ஒரு மண்டலம், அதாவது 48 நாள். கோயில் தொலைவு என்றால் தெருமுனை வேம்போ அரசோ போதும். சூரிய உதயத்துக்குக் கால் மணி முன்னால் போய்விட வேண்டும். உதயம் சித்திரையில் ஆறு மணிக்குச் சற்று முன்பு, தை மாதத்தில் ஆறரை மணி வாக்கில். மரத்துக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, கிழக்கு பார்த்து உட்காருங்கள். வெளிச்சம் இலைக்குப் பின்னாலிருந்து வரும். நரம்பு நரம்பாகத் தெரியும். வெயில் ஏறிக் கண் கூசத் தொடங்கினால் இடம் மாறிக்கொள்ளலாம்.

முதல் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்பது மட்டும். இருட்டோடு குரல் கொடுப்பது பெரும்பாலும் கரிச்சான் குருவி. பின்னால் காகம், மைனா, அணில் என்று ஒவ்வொன்றாகச் சேரும். அடுத்த பத்து நிமிடம் ஒரே ஒரு கிளை. முழு மரத்தையும் பார்க்க முயன்றால் கண் அலையும், கண்ணோடு மனமும் அலையும். கடைசி ஐந்து நிமிடம் தரை: நேற்றில்லாமல் இன்று எது விழுந்திருக்கிறது? வீட்டுக்கு வந்ததும் இரண்டே வரி எழுதிவையுங்கள்.

அரச மரம் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். காற்றே இல்லாதபோதும் அதன் இலை ஏன் ஆடுகிறது என்று ஓர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பு மெல்லியது, நீளமானது. இலை அதில் தொங்குகிறது. நம் தோலுக்கு எட்டாத அசைவும் அதற்குப் போதும். நுனி வால்போல் நீண்டிருப்பதால் மழைநீர் இலையில் தங்காமல் அந்த வால் வழியே சொட்டிவிடும். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து செம்பு நிறத்தில் தளிர் வரும்போது, காலை வெயில் ஊடுருவுகிற அந்தச் சில நாட்களைத் தவறவிடக் கூடாது. பூக்காமலே காய்க்கும் என்று ஊரில் சொல்வார்கள். பூ இருக்கிறது, காய்க்குள்ளே ஒளிந்திருக்கிறது. திருவண்ணாமலைத் தல மரமான மகிழம் வேறு மாதிரி. விடியலில் பூ உதிர்ந்து கிடக்கும். பூவின் நடுவே துளை இருப்பதால் ஊசியில்லாமலே கோக்கலாம். வாடிக் காய்ந்த பிறகும் மணம் போகாது. ஒரு பூவை உள்ளங்கையில் வைத்து அதன் இதழ் நுனிகளை எண்ணிப் பார்ப்பதே அன்றைய பூசையாக இருக்கட்டும்.

எங்கே தவறும்? முதலில் செல்போன். பறவையின் பெயர் தேட என்று எடுத்தால் வாட்ஸ்அப்பில்தான் முடியும். பெயர் பிறகு தெரிந்தால் போதும். அடுத்து, எண்ணமே வரக்கூடாது என்று மல்லுக்கட்டுவது. வரட்டும், வந்தது தெரிந்ததும் கண் கிளைக்குத் திரும்பினால் சரி. மூன்றாவது வாரம் சலிப்பு வரும். பலர் அப்போதுதான் விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் மரத்தை மாற்றுகிறார்கள். மாற்றாதீர்கள். பழகிய கிளையில்தான் சின்ன மாற்றம்கூடக் கண்ணில் படும். மழைக்காலத்தில் கொசு, மாமரத்தில் கடிக்கும் முயிறு எறும்பு, முருங்கையில் கம்பளிப்பூச்சி உண்டு. உட்காரும் முன் மேலேயும் கீழேயும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தில்லை மரத்தை மட்டும் தொடவே வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். திருப்பணி என்ற பெயரில் தல மரத்தின் அடிவரை சிமெண்டும் டைல்ஸும் போடுவதை நிறுத்துங்கள். நீரை உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒன்றிரண்டு அடி ஆழத்தில், கிளை விரிந்த தூரத்தையும் தாண்டிப் பரவியிருக்கும். தளம் போட்டால் நீரும் காற்றும் அவற்றுக்கு எட்டாது. மரம் உடனே சாகாது. நுனிக்கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டே வரும். அப்போதுதான் காரணம் புரியாமல் திகைக்கிறோம். சுற்றிலும் ஐந்தடியாவது மண்ணாக விடுங்கள். இன்னும் அதிகம் விட முடிந்தால் நல்லது. விளக்குகளை அடிமரத்திலிருந்து தள்ளி வைக்க ஒரு மேடை போதும். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலத்தில்தான் மரத்தின் உயிர் இருக்கிறது. சூட்டில் அது வெந்துவிட்டால் அந்தப் பக்கம் பட்டை கழன்று, பூஞ்சையும் கரையானும் நுழையும். நைலான் கயிறு மக்காது. மரம் பருக்கப் பருக்க இறுக்கும். நேர்த்திக்குப் பருத்தி நூல் கட்டட்டும், மாதம் ஒருமுறை அவிழ்த்துவிடலாம்.

அதோடு மரத்துக்கு மேற்கே, சற்றுத் தள்ளி உட்கார ஒரு கல் பலகையும், மரத்தின் பெயரும் அது தளிர்க்கும், பூக்கும் மாதங்களும் எழுதிய ஒரு சிறு பலகையும் வைக்க வேண்டும். உதிர்ந்த பூவையும் இலையையும் விடியலிலேயே கூட்டித் தள்ளாமல், ஏழு மணிவரை அப்படியே விட்டுவைக்கும்படி துப்புரவுப் பணியாளர்களிடம் சொல்லிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
திருவானைக்காவல், திருச்சி-5.