எம்.டிஎச். விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் தங்கைக்கு

அன்புத் தங்கச்சி,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் (யு.டி.சி.) எம்.டிஎச்., அதாவது இறையியல் முதுகலைப் படிப்புக்கு, விண்ணப்பம் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பி.டி. என்ற இறையியல் இளநிலைப் படிப்பைத் தமிழில் படித்துவிட்டு, எம்.டிஎச். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதிக் கரையேற முடியுமா என்பதுதான் உன் பயம். புரிகிறது. ஆனால் அதற்காக மேற்படிப்பையே விட்டுவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 24 வயது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் பழகினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. நீயோ எபிரெயத்தையே வலமிருந்து இடமாக, எழுத்துக்கு அடியில் இருக்கும் புள்ளியைக்கூட விடாமல் வாசிக்கிறவள். ஆங்கிலம் வந்துவிடும்.

என் கவலையெல்லாம் நீ அனுப்பிய தலைப்புகளைப் பற்றித்தான். எல்லாமே ஏற்கெனவே பலர் எழுதிய ஆய்வேடுகளின் சாயலில் இருக்கின்றன. உன் சபையிலேயே ஒரு அத்தை உனக்குத் தலைப்புக் கொடுத்துவிட்டார்களே! பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் ரூத் புத்தகம் படித்தபோது, "விற்க நிலம் இருந்த நகோமி, மருமகளை ஏன் கதிர் பொறுக்க அனுப்பினா?" என்று கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த அத்தையின் நிலத்துப் பட்டா இன்னும் இறந்துபோன மாமா பேரிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கேள்வி சும்மா வரவில்லை, தங்கச்சி.

வேத அறிஞர்களே தீர்க்க முடியாமல் திணறும் இடம் அது. எண்ணாகமம் 27:8-11ஐ எடுத்துப் பார். குமாரன் இல்லாவிட்டால் குமாரத்தி, பிறகு சகோதரர், தகப்பனுடைய சகோதரர், கிட்டின உறவின்முறையான். அந்த வரிசையில் மனைவி இல்லவே இல்லை. அப்படியானால் இறந்துபோன கணவன் எலிமெலேக்கின் வயலை நகோமி எப்படி விற்கிறாள்? ஏழ்மையால் ஒருவன் விற்ற நிலத்தை அவன் உறவின்முறையான் மீட்கலாம் என்று லேவியராகமம் 25:25 சொல்லும் உரிமையைத்தான், எலிமெலேக்கின் உறவினன் போவாஸ் ஊர் வாசலில் உட்கார்ந்து பேசுகிறானா? நகோமி குடும்பத்தார் பஞ்சத்துக்குப் பயந்து மோவாப் தேசத்துக்குப் போய் ஏறக்குறைய பத்து வருஷம் இருந்தார்களே, அதற்குள் வேறு யாராவது வயலை அனுபவிக்கத் தொடங்கிவிட்டார்களா? 2 இராஜாக்கள் 8இல் சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தியும் பஞ்சத்துக்குத் தப்பிப் போய், ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும் ராஜாவிடம் முறையிடுகிறாள். இந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசி. ஒரு ஆய்வேட்டுக்கு வேண்டியது அங்கே இருக்கிறது.

முதல் வருஷம் வகுப்பும் பரீட்சையுமாக ஓடிவிடும். தலைப்பை அப்போது தேட ஆரம்பித்தால் நூலகம் கொடுத்ததைத்தான் எடுப்பாய். இப்போதே எடுத்துக்கொண்டு போ. எம்.டிஎச்.சை வாத்தியார் வேலைக்கு ஏணியாக மட்டும் நினைக்கிறவர்கள் உண்டு. நீ அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு அதிகாரத்தையும் தமிழில் சுருக்கி அந்தச் சங்கத்தில் பாடமாக எடு. அத்தை ஒத்துக்கொள்ளாத இடத்தைக் குறித்து வை. உன் நெறியாளர் கேட்காத கேள்வியை அவர்கள் கேட்பார்கள்.

திருமண்டலப் பரிந்துரைக் கடிதத்துக்கு இந்த வாரமே மனு கொடு, அதற்குத்தான் நாள் இழுக்கும். ரூத் மொத்தம் 85 வசனம்தான். எபிரெயத்தில் ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டு, உன் கேள்வியை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்திலேயே எழுதி அனுப்பு. பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா