அது தவில் இல்லை, ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் கலைப் பக்கத்தில் மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரை இசை நிகழ்ச்சி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் செய்தி அறிய. இரண்டாம் தரம், முதல் தரம் வாசித்தது சரிதானா என்று பார்க்க. "உடம்பெல்லாம் பச்சை குத்தி, காதில் கடுக்கனும் மாட்டிக்கொண்டு திரியும் இவர்களை நம்பி மண்ணின் கலையை எப்படி ஒப்படைப்பது?" என்று உங்கள் கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே படம். படத்தில் இருப்பவன் என் தங்கையின் மகன். கீழே "தவில் வாசிக்கும் இளைஞர்" என்று போட்டிருக்கிறீர்கள்.

அது தவில் இல்லை, ஐயா. மத்தளம். தவிலுக்கு ஒரு கையில் கழி வேண்டும், மறு கை விரல்களில் கூடு வேண்டும். உங்கள் படத்திலேயே பொடியனின் இரண்டு கையும் வெறுங்கை. கையில் குத்தியிருந்த பச்சையைக் கண்ட உங்கள் ஆளுக்கு அந்தக் கை எதில் விழுகிறது என்று தெரியவில்லை.

கடுக்கனைப் பற்றி நான் என்ன சொல்ல? எங்கள் ஊரில் கூத்துப் பழக்கி மத்தளம் அடிக்கும் அண்ணாவியார் கடுக்கன் இல்லாமல் கூத்துக் களரிக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளாமை சரியில்லாமல் அதை அடகு வைத்த வருசம் மட்டும் இரண்டு காதிலும் வேப்பங்குச்சி செருகியிருந்தார். அந்த வருசம் வடமோடிக் கூத்து ஆடினோம். விடிய விடிய அடித்தார். அவரிடம் கலையை ஒப்படைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவர் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

பச்சை குத்துவது கொரியப் பாட்டுக்காரரைப் பார்த்துப் பழகிய பழக்கம் என்றும் கட்டுரையாளர் எழுதுகிறார். கொரியாவில் தொலைக்காட்சிக்கு வரும் பாட்டுக்காரர்களின் பச்சையைப் பிளாஸ்டர் ஒட்டி மறைத்துத்தான் விடுவார்கள். மருத்துவர் அல்லாதவரும் பச்சை குத்தலாம் என்று அங்கே பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியதே 2025 செப்டெம்பரில்தான். எங்கள் அம்மம்மாவின் முழங்கைக்குக் கீழே இருந்த கோலம் எந்தச் சட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதைக் குத்தியது அளிக்கம்பைப் பக்கத்திலிருந்து வந்த குறவர் சமூகத்துப் பெண். கூலி ஒரு கொத்து அரிசியும் ஒரு பழஞ்சேலையும். அகத்தி இலையையும் மஞ்சளையும் துணியில் தடவித் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரியவிட்டு, மேலே ஒரு புதுச் சட்டியைக் கவிழ்த்து வைப்பார்களாம். சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைத்தால் மை. மை கறுப்புத்தான். தோலுக்கு அடியில் போனதும் பச்சையாகத் தெரியும், பெயரும் அப்படித்தான் வந்தது. குத்தும்போது வலி தெரியாமலிருக்க அந்தப் பெண் பாட்டுப் படிப்பாராம். பச்சைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவை அறிய உங்கள் கட்டுரையாளர் கொரியாவுக்குப் போயிருக்கத் தேவையில்லை. அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறியிருந்தாலே போதும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

திருவிழாக் காலத்தில் முதுகில் கொளுக்கி ஏற்றிய காவடியை முன்பக்கத்தில் வண்ணத்தில் போடுகிறீர்கள். அங்கேயும் உடம்பில் குத்துவது ஊசிதான். அதற்குப் பக்தி என்று பெயர். சரி, பக்திதான், நானும் எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: முதுகில் குத்தினால் பண்பாடு, கையில் குத்தினால் சீரழிவு என்பதை அளந்து சொல்லும் அடிமட்டம் உங்கள் அலுவலகத்தில் எந்த மேசையில் இருக்கிறது?

எனக்கும் பச்சை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் ஒரு கோயில் திருவிழாவில், இடது கையில் ஒரு சின்ன வேல். போர் நடந்த 1990களில் தபால் பையோடு சைக்கிளில் போகும் என்னை ஒரு சோதனைச் சாவடியில் இறக்கி, சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். அந்த வேல் அவர்களுக்கு வேலாகத் தெரியவில்லை. கடிதங்கள் பையில் கிடக்க, நான் பகல் பன்னிரண்டு மணி வரை வெயிலில் முழந்தாளில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா சுண்ணாம்பு வைத்து அதை எரித்தார். பச்சை போனது, தழும்பு வந்தது. அந்த நாட்களில் பச்சையைவிடத் தழும்பு பொல்லாதது என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு எந்தச் சாவடியில் நிறுத்தினாலும் இது எப்படி வந்தது என்றுதான் முதல் கேள்வி. 2014இல் கையில் புத்தர் படம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்து நாடு கடத்தினார்களே, நினைவிருக்கும். அவருக்கு 2017இல் உயர் நீதிமன்றம் எட்டு இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. நான் இன்றைக்கும் முழுக்கைச் சேட்டுத்தான் போடுகிறேன்.

அதனால் மருமகன் பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றபோது முதலில் கத்தியவன் நான்தான். உங்கள் கட்டுரையாளரைவிட மோசமாகவே கத்தினேன். அவன் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே வரி: "ததிங்கிணதோம்". எங்கள் அண்ணாவியார் அவனுக்கு முதல் முதல் சொல்லிக் கொடுத்த சொல்லுக்கட்டு, மத்தளத்தில் அடிக்கிற தாளத்தை வாயால் சொல்லும் சொல். அண்ணாவியாரின் முப்பத்தோராம் நாள் முடிந்த கிழமை குத்தியிருக்கிறான். ஏன் மனே, கொப்பியில் எழுதி வைத்தால் போதாதா என்று கேட்டேன். "அவர்ட கொப்பியெல்லாம் 2011 வெள்ளத்தில போயிட்டுது மாமா. இது போகாது" என்றான். நான் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அண்ணாவியார் இறந்தபோது நான் உங்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினேன். அதை நான்கு வரியாக வெட்டி, மரண அறிவித்தலுக்கும் வங்கி விளம்பரத்துக்கும் நடுவில், "மிருதங்க வித்துவான் மறைவு" என்று போட்டீர்கள். அன்றைக்கு மிருதங்கம், இன்றைக்குத் தவில். அடுத்த முறை கஞ்சிரா என்று போட்டால் வரிசை ஓரளவு பூர்த்தியாகும். கிழக்குப் பதிப்பு என்று பெயர் வைத்துவிட்டு, எங்கள் கூத்தை ஒரு முறையாவது விடியும்வரை இருந்து பார்த்த நிருபர் ஒருவரை நீங்கள் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. விலை கூடிய மாதமே பக்கம் குறைந்ததையும் நான் எழுதினேன். அந்தக் கடிதமும் வரவில்லை.

பச்சை குத்துவதைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத எவ்வளவோ கிடக்கிறது. ஊசியைப் பொதியிலிருந்து உங்கள் கண் முன்னே பிரிக்கிறார்களா, மை ஊற்றிய மூடியைக் குத்தி முடிந்ததும் எறிகிறார்களா, கையுறை மாற்றுகிறார்களா என்று ஒரு கடையில் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்குப் போனால் ஈரல் அழற்சியும் எச்.ஐ.வி.யும் கூடவே போகலாம். 2022 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் பச்சை குத்தும் மையில் 4000க்கு மேற்பட்ட இரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. இங்கே வரும் போத்தலில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? மருமகனை இரத்ததான முகாமில், குத்தி ஒரு வருசம் ஆகவில்லை, பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அதுதான் முறை. வருசம் முடிந்ததும் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். அவனோடு கிற்றார் வாசிக்கிற பொடியனும் கொடுத்தான். அந்தப் பொடியனின் தோளில் எங்கள் மட்டக்களப்பின் அடையாளமான பாடும் மீன் இருக்கிறது. மீன் கொஞ்சம் திருக்கை மாதிரி வந்துவிட்டது, அது வேறு கதை.

என் கோரிக்கை சின்னது. கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், "தவில் என்பதை மத்தளம் என்று திருத்தி வாசிக்கவும்" என்று ஒரு வரி போடுங்கள். அவ்வளவுதான்.

பிழை எல்லாருக்கும் வரும். மருமகனின் கையிலும் வந்தது. அறுகம்குடாவில் குத்திய ஆளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கடைசிப் புள்ளியை விட்டு "ததிங்கிணதோம" என்று குத்திவிட்டார். பொடியன் வீட்டுக்கு வந்துதான் பார்த்தான். அடுத்த சனிக்கிழமை விடியப் பொத்துவில் பஸ் ஏறிப் போய், அந்த ஒரு புள்ளியைக் குத்துவித்துக்கொண்டு இரவு திரும்பி வந்தான். உங்களுக்கு ஊசியும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாற்காரன்,
களுதாவளை.

(பெயரைப் போட வேண்டாம். ஊரின் பெயரை மட்டும் எழுத்துப் பிழை இல்லாமல் போடவும்.)