பள்ளியின் பின்பக்க மனை விற்பனை: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடக்கிற மனையை விற்பது என்று ட்ரஸ்ட் தீர்மானம் போட்டிருக்கிறது. வயதானவர்களுக்கான குடியிருப்பு கட்டுகிற பில்டருக்குத்தான் விற்பார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் இது எப்படியெல்லாம் ஓடுகிறது என்று எனக்கும் வந்து சேர்ந்தது: மைதானம் போகிறது, டவர் வரப் போகிறது, அடுத்து பள்ளியையே மூடிவிடுவார்கள். பயப்படுவது நியாயம்தான், மும்பையில் நம் செம்பூரில் எத்தனை காலிமனை எப்படி மாறியது என்று எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதனால் என்ன முடிவாகியிருக்கிறது, என்ன ஆகவில்லை, எனக்கே எதில் கவலை இருக்கிறது என்று நேராக எழுதிவிடுகிறேன்.

முதலில் மைதானம். அதில் ஓர் அடி கூடப் போகவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி என்றால் மைதானம் வேண்டும், அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். விற்கப்போவது சயின்ஸ் லேபுக்குப் பின்னால், கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், நாலாவை, அதாவது மழைநீர் ஓடுகிற பெரிய வாய்க்காலை, ஒட்டிக் கிடக்கிற தாழ்வான நிலம். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் அங்கே தண்ணீர் நிற்கும், வடிந்த பிறகு ஆள் உயரத்துக்குப் புல். பாம்பு வருகிறது என்பதால் பந்து அந்தப் பக்கம் போனால்கூட வாட்ச்மேன்தான் எடுத்து வர வேண்டும். கொசுப்புழு பார்க்கிற மாநகராட்சி ஆட்கள் வருடா வருடம் வந்து, தண்ணீரை மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றி நெளிகிற புழுவை எங்களுக்கே காட்டிவிட்டு நோட்டீஸ் கொடுத்துப் போகிறார்கள். மண் கொட்டி மேடாக்கி இன்னொரு மைதானம் பண்ணலாமே என்று சிலர் கேட்டீர்கள். பண்ணலாம், ஆனால் இப்போது அங்கே நிற்கிற தண்ணீர் அப்புறம் எங்கே போகும்? நம் தரைத்தள வகுப்புகளுக்குத்தான் வரும். இந்தத் தண்ணீர் விஷயத்துக்குக் கீழே திரும்பவும் வருகிறேன், கட்டடம் வந்தாலும் அதே கேள்வி இருக்கிறது.

ஏன் இப்போது விற்க வேண்டும்? நம் கட்டடத்துக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட கட்டடங்களுக்கு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு ஸ்ட்ரக்சுரல் ஆடிட்டை, அதாவது கட்டடத்தின் உறுதியை இன்ஜினியர் வைத்துச் சோதிப்பதை, கட்டாயமாக்குகிறது. நாமும் செய்தோம். ஐந்தாம் வகுப்புப் பக்கத்து மாடிப்படிக்கு மேலே பாருங்கள், பீமில் சிமென்ட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது, கீழே பிள்ளைகள் நடக்காதபடி பெஞ்ச் போட்டு மறித்திருக்கிறோம். பூச்சு வேலையோடு முடிகிற சமாச்சாரம் இல்லை இது, தூண்களையே பலப்படுத்தச் சொல்கிறது அறிக்கை. அதற்கான பணத்துக்கு மூன்று வழிதான் உண்டு. வங்கிக் கடன் வாங்கினால் வட்டியைக் கட்டணத்தில்தான் ஏற்ற வேண்டும். நேரடியாகக் கட்டணத்தை உயர்த்தலாம், 2011 கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி பெற்றோர்-ஆசிரியர் கழகத்தின் (பி.டி.ஏ.) செயற்குழுவிடம் வைத்து, முடிவானால் இரண்டு கல்வியாண்டுக்கு அதுவே இருக்கும். இப்போதைய கட்டணத்தையே தவணை கேட்டுக் கட்டுகிற குடும்பங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும், அவர்களிடம் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. மூன்றாவது வழி அந்த நிலம்.

அதை ஏன் வயதானவர்களின் குடியிருப்புக்கு மட்டும் என்று டெண்டரிலேயே எழுதச் சொன்னோம்? இதில் நான் பிடிவாதமாக இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. முழுக்கக் கடைகள், மேலே ஆபீஸ் என்று வந்தால் நாள் பூராவும் வண்டி, சத்தம், அந்நிய முகங்கள். மூத்தோர் குடியிருப்பில் வருவது அறுபது தாண்டியவர்கள், சொந்தமாக ஃப்ளாட் வாங்கி அவரவர் வீட்டில் அவரவர் சமைத்துச் சாப்பிட்டு இருப்பவர்கள், கூடவே நர்ஸ், பொதுச் சாப்பாட்டு அறை, அவசரத்துக்கு அழைக்க மணி. கார் குறைவு, காலை எட்டு மணி நெரிசலில் அவர்கள் கிளம்ப வேண்டிய அவசரமும் இல்லை.

இதை எழுதும்போது நம் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள்தான் என் கண் முன்னால் நிற்கிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம், ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை, டிராம்பே ரிஃபைனரிகள் என்று வேலைக்கு வந்து இங்கேயே ஆயுசைக் கழித்த தலைமுறை அது. இன்றைக்கு லிஃப்ட் இல்லாத பழைய சொசைட்டியில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, பேத்தியின் ஆண்டு விழாவை மகள் அனுப்பும் வீடியோவில் பார்க்கிறார்கள். கொஞ்சம் வசதி இருப்பவர்கள் இங்கே ஃப்ளாட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் ரிடயர்மென்ட் கம்யூனிட்டிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பேரப்பிள்ளைதான் பக்கத்தில் இல்லை. இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கு 2019இல் மத்திய அரசும் 2024இல் மகாராஷ்டிராவின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரேராவும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கின்றன: ஒரு மாடிக்கு மேல் போனால் லிஃப்ட், சக்கர நாற்காலி தாராளமாக நுழைகிற அளவுக்குக் கதவு, படியில்லாத நடைபாதை. பக்கத்தில் வருகிற கட்டடமாவது அப்படி வரட்டும்.

குத்தகைக்கு விடலாமே, எதற்கு விற்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: நல்ல கேள்வி, ட்ரஸ்ட் கூட்டத்தில் நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். நம்முடையது பொது அறக்கட்டளை. 1950ஆம் ஆண்டு பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, விற்பதானாலும், விவசாயம் சாராத நிலத்தை மூன்று வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதானாலும் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கிற அரசு அதிகாரியான சாரிட்டி கமிஷனரின் முன்அனுமதி வேண்டும். ஆகக் குத்தகை சுலபமான வழி என்று ஒன்றும் இல்லை. அதோடு, ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தைப் போட்டு வீடு வாங்கும் பெரியவர், கீழே இருக்கும் நிலம் யாருடையது, குத்தகை முடிந்தால் என்ன என்று கேட்க மாட்டாரா?

அதனால் இன்னும் எதுவும் விற்றாகிவிடவில்லை, யாரோடும் கையெழுத்தும் ஆகவில்லை. அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் விலை மதிப்பிட வேண்டும், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மூடிய உறையில் டெண்டர் வாங்க வேண்டும், அப்புறம்தான் வோர்லியில் இருக்கிற கமிஷனர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போகும். வயதானவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையால் விலை குறையுமே, ட்ரஸ்டுக்கு அது நஷ்டம் இல்லையா என்று அங்கே கேட்பார்கள். பக்கத்தில் பள்ளி நடக்கிறது, பிள்ளைகளின் அமைதியும் பாதுகாப்பும் ட்ரஸ்டின் நலன்தான் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கப் போகிறோம். பெற்றோர்களின் கையெழுத்தும் அதில் இருந்தால் அந்த வாதத்துக்குப் பலம்.

இப்போது தண்ணீர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது, அந்த நாளை இந்த ஊரில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வளவு வேண்டாம், சாதாரணமாக ஒரு ஜூலை மழை, கூடவே கடல் ஏற்றம் என்றாலே நாலா எதிர்த்துக்கொண்டு வருகிறது. பில்டர் தன் மனையை உயர்த்தித்தான் கட்டுவார், அவர் இடம் காய்ந்து கிடக்கும், நம் பக்கம் குளமாகும். இதுதான் எனக்கு இருக்கிற பெரிய கவலை. ஆகவே மழைநீர் வடிகாலை முதலில் கட்ட வேண்டும், நம் காம்பவுண்டிலிருந்து நாலா வரைக்கும் அவர் செலவில், ஒரு மழைக்காலம் அதில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்த பிறகே அஸ்திவாரம் என்று டெண்டரில் சேர்த்திருக்கிறோம், விற்பனைப் பத்திரத்திலும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இதற்கு ஒத்துக்கொள்ளாத பில்டர் எத்தனை கோடி கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

கட்டுகிற காலத்தில் தூசும் சத்தமும் இருக்கும், இருக்காது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மாநகராட்சி 2023 அக்டோபரில் கொண்டுவந்த தூசு விதிகளின்படி ஒரு ஏக்கருக்குக் குறைவான மனையிலும் 25 அடி உயரத்துக்குத் தகரத் தடுப்பு, கட்டடத்தைச் சுற்றி ஈரத்துணி, தண்ணீர் தெளிப்பு எல்லாம் வேண்டும். அது போதாது என்று நாங்கள் மேலும் கேட்டிருக்கிறோம்: அஸ்திவாரத்துக்குத் தூண் இறக்குகிற பைலிங் வேலை மே விடுமுறையில் மட்டும், பத்தாம் வகுப்புப் பரீட்சை நாட்களில் டிரில்லிங் கூடாது, பள்ளி விடுகிற நேரத்தில் லாரி வரக் கூடாது. ஆஸ்துமா இருக்கிற பிள்ளைகளின் வீட்டிலிருந்து மட்டும் இப்போதே வகுப்பாசிரியருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கள், அவர்களை முன்பக்க வகுப்புகளுக்கு மாற்றிவிடலாம்.

குடியிருப்புக்கு வாசல் பின்பக்க ரோட்டில்தான். நம் காம்பவுண்டில் கதவு கிடையாது. அங்கிருந்து யாராவது ஆசையாக வந்து கதை சொல்கிறேன், கணக்குச் சொல்லித் தருகிறேன் என்றால் மனதார வரவேற்பேன், ஆனால் வருகிற எந்த வெளியாளுக்கும் உள்ள அதே விதி: பெயர் எழுதி, அடையாள அட்டை காட்டி, ஆசிரியர் கூட இருக்கத்தான்.

கடைசியாகப் பணம். அதே அறக்கட்டளைச் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி ட்ரஸ்ட் பணத்தை இஷ்டத்துக்கு எங்கும் போட முடியாது, வங்கி, அரசுப் பத்திரம் என்று சட்டம் அனுமதித்த இடங்களில்தான் போட வேண்டும். வருகிற தொகையில் முதலில் தூண்களும் மாடிப்படியும், அடுத்து ஒரு லிஃப்டும் சாய்வுப் பாதையும். மிச்சம் வைப்புநிதியில் இருக்கும், அதன் வட்டி கட்டண உதவிக்கு. சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ அசலைத் தொடக் கூடாது என்று தீர்மானத்திலேயே இருக்கிறது, நகல் ஆபீசில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி ஹாலில் கூட்டம். ட்ரஸ்டிகள் வருகிறார்கள், ஆடிட் செய்த இன்ஜினியரும் வருகிறார். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டி வாருங்கள், கூட்டம் தரைத்தளத்தில்தான், படி ஏற வேண்டாம். விற்கவே கூடாது என்று நினைப்பவர்கள் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், விண்ணப்பத்தோடு அதையும் இணைத்துத்தான் அனுப்புவோம். நேரில் வர முடியாதவர்கள் பிள்ளையின் டைரியில் கேள்வியை எழுதி அனுப்பினால் போதும், ஹாலில் படித்துப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியை