இரவில் நடக்கும் வேலையைப் பகலில் எப்படிக் கற்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவில் தேறி ரயில்வேயில் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராகச் சேரும் இளைஞர்கள் பலர், பயிற்சிக் காலம் முழுவதையும் பணிமனைக் கூரையின் கீழேயே முடித்துவிட்டு வருகிறார்கள். மின்விசிறி கழற்றுகிறார்கள், மோட்டாருக்கு பேரிங் மாற்றுகிறார்கள், பேனலுக்கு வயர் இழுக்கிறார்கள். அதுவும் வேலைதான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புறநகர் ரயிலை ஓடவைக்கும் 25,000 வோல்ட் மேல்நிலைக் கம்பியைப் பெரும்பாலோர் பிளாட்பாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. ரயில்வேயின் அடிநிலையான லெவல்-1 பணியிடங்களில் 20 சதவீதம் பயிற்சி முடித்த அப்ரண்டிஸ்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அந்த வழியில் வந்து ரயிலை இழுக்கும் மின்சாரத்தைக் கவனிக்கும் மின்இழுவைப் பிரிவில் போடப்படுகிறவர், மின்சாரத்தை நிறுத்திவைத்துக் கம்பியில் வேலை செய்யும் முதல் 'பவர் பிளாக்'கைக் காண்பதே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

இதற்கு முக்கியக் காரணம் நேரம். கடற்கரை–தாம்பரம் தடத்தில் கடைசி வண்டி போய் முதல் வண்டி கிளம்பும்வரை, ஏறத்தாழ நள்ளிரவிலிருந்து நான்கு மணிக்குள், கம்பியில் கைவைத்தால்தான் உண்டு. கம்பி உயரத்துக்கு ஆளை ஏற்றும் டவர் வேகன் வந்து சேர, மின்சாரம் துண்டிக்க, மீண்டும் கொடுக்க என்று போக மிச்சம் கிடைப்பது சொற்பம். 1992-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் விதிகளோ இரவு 10 முதல் காலை 6 வரை பழகுநரைப் பயிற்சியில் ஈடுபடுத்தக் கூடாது என்கின்றன. அதே விதி, பயிற்சியின் நலனுக்காக என்றால் தொழில் பழகுநர் ஆலோசகரின் முன்அனுமதியோடு செய்யலாம் என்றும் சொல்கிறது. முதல் பாதியைப் படித்தவர்கள் இரண்டாம் பாதியைப் படிப்பதில்லை.

பிளாக் என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறுவது என்று வெளியில் நினைக்கிறார்கள். டி.பி.சி. எனப்படும் இழுவை மின் கட்டுப்பாட்டாளர் தன் அறையிலிருந்தே பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறார். கம்பியைத் தாங்கும் தூணான மாஸ்டில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பதைத் தடத்தில் நிற்கும் சூப்பர்வைசரோடு பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண்ணைப் பரிமாறி உறுதி செய்கிறார். அப்போதும் கம்பியைத் தொடக்கூடாது. பக்கத்துப் பாதையின் கம்பியில் மின்சாரம் இருக்கிறது. அதன் தூண்டலால் அணைத்த கம்பியிலும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தம் ஏறி நிற்கும். அதைத் தரைக்கு இறக்கத்தான் டிஸ்சார்ஜ் ராடு: கம்பியில் மாட்டும் கொக்கியும், அதிலிருந்து வரும் கேபிளும், தண்டவாளத்தில் முறுக்கும் கிளாம்பும் கொண்ட கோல்; வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. கேபிள் இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்து, தண்டவாளத்தின் துருவைச் சுரண்டி, முதலில் கிளாம்பை அங்கே முறுக்க வேண்டும். அதற்குப் பிறகே கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது கொக்கி முதலில், கிளாம்பு கடைசியில். வரிசை மாறினால், தரையைத் தொடாத கேபிளைப் பிடித்திருப்பவரின் உடம்பு வழியாக அந்த மின்சாரம் இறங்கும். மூன்றரை மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், 'சீக்கிரம், டைம் ஆச்சு' என்ற குரலுக்கு நடுவே நடக்கும் தவறு இது. ஒரு தண்டவாளம் சிக்னலுக்கு, மற்றது மின்னோட்டம் திரும்புவதற்கு என்று பிரித்திருக்கும் பகுதிகளில் எதில் கிளாம்பு மாட்டுவது என்பதும் டார்ச் வெளிச்சத்தில் நின்று கற்க வேண்டியதே. 1931-இல் இந்தத் தடம் மின்மயமானபோது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். அறுபதுகளில் 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு வந்த பிறகு சேர்ந்துகொண்டது இந்தத் தூண்டல் தொல்லை.

கம்பியின் மின்சாரம் மாஸ்டுக்குப் பாயாமல் தடுக்கும் இன்சுலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை, கோட்டை நிலையங்களின் பக்கம் காற்றோடு வரும் உப்பு அதன்மேல் படிகிறது. மதிய வெயிலில் பார்த்தால் வெறும் அழுக்கு; ஒன்றும் ஆகாது. விடியற்காலைப் பனியில் அந்த உப்பு ஈரமானதும் படபடவென்று பொரியும் சத்தம் கேட்கும், விளிம்புகளில் ஊதா நிறத்தில் பொறி ஓடும். அடைமழை கழுவிவிடும்; ஆபத்து முதல் தூறலில்தான். பல மாதம் சேர்ந்த உப்பு நனைந்து மேற்பரப்பு முழுக்க மின்பாதையாகி, பிரேக்கர் விழுந்து மின்சாரம் நிற்கும். எந்த இன்சுலேட்டரை முதலில் துடைக்க வேண்டும் என்று அந்தச் சத்தத்தைக் கேட்டவருக்குத் தெரியும்.

கம்பித் தேய்மானம் கணக்கில் அடங்கும் விஷயம். 107 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி புதிதில் 12.24 மி.மீ. விட்டம், தேய்ந்து 8.25 மி.மீ. ஆகிவிட்டால் மாற்ற வேண்டும். ஆனால் அது எங்கும் ஒரே சீராகத் தேயாது. வண்டி கிளம்பும் இடங்கள், ஒரு கம்பி முடிந்து அடுத்தது தொடங்கும் ஓவர்லேப், மின்பகுதிகளைப் பிரிக்கும் செக்‌ஷன் இன்சுலேட்டரின் இரு முனை ஆகிய இடங்களில்தான் கேலிப்பரை வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி நேர்ப்பாதையில் மாஸ்டுக்கு மாஸ்ட் 200 மி.மீ. இடம் வலம் மாறி ஓட வேண்டும். மாறாமல் நடுவிலேயே ஓடினால் வண்டியின் கூரைமேல் கம்பியை உரசி மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃப் பட்டையில் ஒரே இடத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் அடுத்த செக்‌ஷனில் கம்பியைப் பிடித்து இழுக்கும்.

துணை மின்நிலையப் பாடத்தைப் பகலிலேயே நடத்தலாம். ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் மாற்றுவது, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்க்கு 2.5 மி.மீ. இடைவெளியில் மின்தாங்கு சோதனை, 110 வோல்ட் பேட்டரியில் செல் செல்லாக அடர்த்தி பார்ப்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் சடங்காகச் செய்கிறார்கள். பிரேக்கரை விழவைக்கும் சுருளுக்கு மின்சாரம் அந்தப் பேட்டரியிலிருந்துதான் வருகிறது. அது செத்திருந்தால் கோளாறைக் கண்டறியும் ரிலே கத்தினாலும் பிரேக்கர் அசையாது.

மெட்ரோவுக்குப் போக நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும், கொஞ்சம் மாற்றத்தோடு. சென்னை மெட்ரோவும் 25 கிலோவோல்ட்தான், ஆனால் சுரங்கப்பாதையில் அலுமினியச் சட்டத்தில் செருகிய விறைப்பான கம்பி. இழுத்துப் பிடிக்கும் எடைக்கல் அங்கே கிடையாது. பெங்களூரில் தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்னோட்டம். எல்லாவற்றுக்கும் சான்றிதழில் இருப்பது 'எலக்ட்ரீஷியன்' என்ற ஒரே சொல்.

நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்காதது. யார்டில் மின்இணைப்பில்லாத ஒரு துண்டுப் பாதை, இரண்டு மூன்று மாஸ்ட், அவற்றிலிருந்து கம்பியைத் தாங்கும் கான்டிலீவர், கம்பி. பழைய பொருள்களே போதும். முதல் ஆறு வாரம் பகலில் அதில் ஏறி இறங்கி, ராடு மாட்டிக் கழற்றி, கம்பியைத் தொங்கவிடும் டிராப்பர் கட்டிப் பழகட்டும். கண்ணை மூடிக்கொண்டும் வரிசை தப்பாது என்று சூப்பர்வைசர் கையெழுத்திட்ட பிறகு, முன்அனுமதி பெற்று, ஆண்டுக்கு 20 இரவு பிளாக்குகளாவது உடன் நிற்கட்டும். முதல் பத்தில் கம்பியைத் தொடவே வேண்டாம், ராடும் பதிவேடும் மட்டும். ஒரு வாரம் டி.பி.சி. அறையில் உட்காரட்டும், தடத்திலிருந்து பேசும் குரல் அங்கே எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தவர் பிறகு மாஸ்ட் எண்ணைத் தெளிவாகச் சொல்வார்.

பிளாக்குக்கு மறுநாள் முழு ஓய்வும், வர, போக வண்டி வசதியும், இரண்டு பழகுநருக்கு ஒரு மூத்த டெக்னீஷியன் என்ற கணக்கும் விண்ணப்பத்திலேயே எழுதப்பட வேண்டும். இவை இல்லாமல் இரவுப் பயிற்சிக்கு அனுமதி கேட்டால் ஆலோசகர் மறுப்பதுதான் சரி.

இப்படிக்கு,
மின்இழுவைப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் சிலர்,
பல்லாவரம்.