கார்டைத் தூக்கிப் போடவிடாமல் தடுத்தவருக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

லினக்ஸ் கணினியின் பிசிஐ ஸ்லாட்டில் செருகிய பேரலல் போர்ட் கார்டு (பழைய பிரிண்டரை இணைக்கும் அட்டை) வேலை செய்யவில்லை என்று கேட்டிருந்தோம் அல்லவா, இப்போது பிரிண்டர் ஓடுகிறது. கார்பன் பிரதிகளும் தெளிவாக விழுகின்றன. கை கொடுத்த அத்தனை பேருக்கும் பெரிய கும்பிடு.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். கார்டு செத்துவிட்டது, வேறு வாங்குங்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, 'மோட்ப்ரோப்.டி கோப்புறையில் பார்போர்ட் என்று தேடி, வருவதை அப்படியே அனுப்புங்கள்' என்று மட்டும் கேட்டவர் அவர். மோட்ப்ரோப்.டி என்பது டிரைவர்களுக்கான அமைப்பு வரிகள் இருக்கும் இடம்; பார்போர்ட் என்றால் பேரலல் போர்ட். சிக்கியது ஒரே வரி: பார்போர்ட்_பிசி என்ற டிரைவருக்கு ஐஓ (போர்ட்டின் முகவரி) 378, ஐஆர்க்யூ (சாதனம் பிராசஸரை அழைக்கும் இன்டரப்டின் எண்) 7. மதர்போர்டிலேயே போர்ட் இருந்த காலத்து வரி; பார்த்தால் குற்றம் சொல்லத் தோன்றாது. ஆனால் ஐஓ முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால் அந்த டிரைவர் அந்த இடத்தை மட்டும்தான் தட்டிப் பார்க்கும், பிசிஐ கார்டுகளைத் தேடவே போகாது. பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் கார்டு பளிச்சென்று நிற்கும், பிரிண்டருக்கான எல்பி0 மட்டும் வராது.

378-ஐ எடுத்துவிட்டுக் கார்டின் முகவரியான 3010-ஐப் போட்டால் போதாதா? இதற்கும் பொறுமையாக எழுதினார். எல்எஸ்பிசிஐ -வி கொடுத்தால் ஐ/ஓ போர்ட்ஸ் என்று இரண்டு வரிகள் வரும். இந்தக் கார்டில் 3010 டேட்டா போகும் இடம், 3000 ஈசிஆர் என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர். ஐஓ_ஹை என்று இரண்டாவதையும் சொல்லாவிட்டால், டிரைவர் பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ கார்டுகளின் வழக்கப்படி ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) 400 கூட்டி 3410 என்று வைத்துக்கொள்ளும். அங்கே வேறொரு சாதனம் இருந்து, அதன் டிரைவர் இடம்பிடிக்காமலும் இருந்தால், அதன் ரெஜிஸ்டரிலேயே எழுதிப் பார்த்துவிடும். ஸ்லாட் மாறினால் முகவரியும் மாறலாம். ஆகவே வரியையே நீக்குவதுதான் மேல். கார்டின் அடையாள எண் டிரைவரின் பட்டியலில் இருந்தால் இரண்டு முகவரிகளையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

அப்படியே செய்தோம். அச்சு சேவையான கப்ஸை நிறுத்தி, எல்பி, பிபிடெவ், பார்போர்ட்_பிசி என்ற வரிசையில் டிரைவர் மாட்யூல்களை இறக்கி மீண்டும் ஏற்றியதும், கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் 3010, அடைப்புக்குள் 3000 என்று வந்தது. எல்பி0-க்குப் பக்கத்தில் 'போலிங்' (டிரைவரே அடிக்கடி கேட்டுப் பார்ப்பது) என்று வந்தால் பயப்பட வேண்டாம், இன்டரப்ட் இல்லாமலும் அச்சு வரும்.

சீரியலும் பேரலலும் சேர்ந்த கார்டுக்குப் பார்போர்ட்_சீரியல் மாட்யூல் தேவைப்படலாம் என்றவர்கள், பயனரை, போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி தரும் எல்பி குழுவில் சேர்க்கச் சொன்னவர்கள், யூஎஸ்பி மாற்றுக் கேபிளில் பின்களை நேரடியாக ஆட்ட முடியாது என்று எச்சரித்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. வேறு யாருக்காவது இதே போலக் கார்டு மக்கர் செய்தால் அந்த இரண்டு ஐ/ஓ வரிகளையும் மோட்ப்ரோப்.டியில் கிடைப்பதையும் அனுப்புங்கள். உட்கார்ந்து பார்க்கிறோம்.