யார் படியளக்கிறார்கள்?

அன்புள்ள மகளுக்கு,

தமிழ்ச் சங்கக் கூட்டத்தின் ஒலிப்பதிவை முழுவதும் கேட்டேன். சிந்துவெளி முத்திரைகளில் உள்ள குறிகள் எழுத்தே அல்ல என்போரின் வாதத்தை அந்தப் பேராசிரியர் நிதானமாக எடுத்துச் சொன்னார். தமக்கும் அதில் ஓரளவு உடன்பாடு உண்டு என்றார். நீ எழுந்து, "இப்படிப் பேச உங்களுக்கு யார் படியளக்கிறார்கள்?" என்று கேட்டாய். கூட்டம் கைதட்டியது. "நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டேன் அப்பா" என்று அதோடு எழுதியும் அனுப்பியிருக்கிறாய். நாலு இல்லை அம்மா, ஒன்றுகூட நீ கேட்கவில்லை. அவர் சொன்னதில் எது தவறு என்பதை நீ தொடவே இல்லை. அன்றாடம் புள்ளியியலோடு புழங்குகிறவள்; நினைத்திருந்தால் தொட்டிருக்கலாம்.

என் சாய்வு உனக்குத் தெரிந்ததுதான். அந்தக் குறிகளுக்குப் பின்னால் ஒரு திராவிட மொழி இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். மீன் குறியை விண்மீனாகவும் கொள்ளலாம் என்று ஹீராஸ் பாதிரியார் தொடங்கிவைத்ததை, பின்லாந்தின் அஸ்கோ பர்போலா விரித்தெழுதியிருப்பார். இன்று படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் தொல்லியலாளர் கன்னிங்காம் 1875-இல் ஹரப்பா முத்திரை ஒன்றின் படத்தை வெளியிட்ட நாளிலிருந்து இன்றுவரை, எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு முத்திரையைக்கூட யாரும் வாசித்துக் காட்டியதில்லை. இருமொழிப் பொறிப்பு ஒன்றும் அகப்படவில்லை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மெசொப்பொத்தேமிய உருளை முத்திரை ஒன்று இருக்கிறது. ஷு-இலிஷு என்பவருடையது, மெலுஹா மொழியின் மொழிபெயர்ப்பாளர் என்று அதில் பொறித்திருக்கிறது. மெலுஹா என்பது சிந்துவெளியே என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அந்த மனிதர் ஒரு களிமண் பலகையில் இரண்டு மொழியையும் அருகருகே எழுதிப் போட்டுவிட்டுப் போயிருந்தால் நமக்கு இந்த வம்பே இல்லை.

இனி, நீ விலைபோனவர்கள் என்று நினைக்கிறவர்களின் கட்சியைப் பார். ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்ஸெல் மூவரும் 2004-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பொறிப்புகள் மிகச் சிறியவை, சராசரியாக ஐந்து குறிகள்தாம். ஒரே பரப்பில் உள்ள மிக நீண்ட பொறிப்பிலும் 17 குறிகளே. ஒரு முறைக்கு மேல் வராத குறிகள் ஏராளம். ஆகவே இவை குலச்சின்னம், தெய்வச்சின்னம் போன்றவையாக இருக்கலாமே தவிர மொழியைப் பதிந்த எழுத்தாக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். தலைப்பிலேயே சிந்து எழுத்துக் கொள்கை சரிந்தது என்றும், எழுத்தறிந்த ஹரப்பா என்பது கட்டுக்கதை என்றும் போட்டார்கள். வலிய வம்புக்கு இழுக்கும் தலைப்புதான். மரியாதைக் குறைவு நம் பக்கம் மட்டும்தான் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனாலும் ஃபார்மர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. ஐம்பது குறிகளுக்கு மேல் உள்ள உண்மையான சிந்துப் பொறிப்பு ஒன்றைக் கொண்டுவருபவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தார். எது கிடைத்தால் தம் வாதம் உடையும் என்பதைத் தாமே எழுதிக் கொடுத்துவிட்டார். நம்மவர்களில் எத்தனை பேர் அப்படி எழுதிக் கொடுப்பார்கள்? எதைக் காட்டினால் நீ உன் கருத்தை மாற்றிக்கொள்வாய் என்று உன்னை யாராவது கேட்டால், உன்னிடம் பதில் இருக்கிறதா?

இன்னொன்றும் கேள். சிந்துவெளி நாகரிகம் வேத நாகரிகமே என்று நிறுவ, உடைந்துபோன ஒரு முத்திரையின் மங்கலான படத்தைக் காட்டி, இதோ சிந்துவெளிக் குதிரை என்று ஒரு நூல் சொன்னது. அந்த முத்திரைகளில் வேத மொழியை வாசித்துவிட்டதாகவும் அதே நூல் சொன்னது. அது ஒற்றைக்கொம்பு விலங்கின் முத்திரையில் பாதி உடைந்த துண்டுதான் என்று 2000-ஆம் ஆண்டு ஃபிரண்ட்லைன் இதழில் எழுதிக் காட்டியவர்கள் இதே விட்ஸெலும் ஃபார்மரும்தான். அப்போது நாங்களெல்லாம் ஆகா என்றோம். யார் படியளக்கிறார்கள் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நமக்கு இனிக்கும்போது அறிஞர், கசக்கும்போது கைக்கூலி என்றால் அது என்ன நியாயம்?

உன் துறைக்கே வருகிறேன். ராஜேஷ் ராவும் அவருடைய குழுவினரும் 2009-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியதை நீதான் எனக்கு விளக்கினாய். ஒரு குறிக்குப் பின் எது வரும் என்பதை எந்த அளவுக்கு ஊகிக்க முடியும் என்று அளந்து பார்த்தார்கள். மொழிகளில் இருக்கும் அளவுக்கு அருகிலேயே சிந்துக் குறிகளும் வந்தன. மொழியல்லாத குறியீடுகளும் அந்த எல்லைக்குள் வரலாமே, நீங்கள் ஒப்பிட எடுத்துக்கொண்டவை போதாது என்று ஸ்ப்ரோட் மறுத்தார். 2010-இல் கணினி மொழியியல் இதழில் இரு தரப்பும் மோதிக்கொண்டன. இதில் யார் கை ஓங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியும், அல்லது கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரியும். அதை விட்டுவிட்டுப் பேராசிரியரின் வயிற்றுப்பாட்டை விசாரித்தாயே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த ஆய்வுக்குத் தரவு எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துப் பார். ஐராவதம் மகாதேவன் 1977-இல் தொகுத்துத் தந்த குறி அட்டவணையிலிருந்து. 417 குறிகளை இனம்பிரித்து, எந்தக் குறி எந்தப் பொறிப்பில் எந்த இடத்தில் வருகிறது என்று வரிசைப்படுத்திய நூல் அது. அவரும் திராவிடக் கருதுகோளை நம்பியவர்தான். ஆனால் அட்டவணைக்குள் அந்த நம்பிக்கையை நுழைத்து எண்ணிக்கையை வளைக்கவில்லை. அதனால்தான் அவரை மறுப்பவர்களும் அதையே புரட்டுகிறார்கள். பர்போலாவும் 2004 கட்டுரைக்கான தம் மறுப்பை, மகாதேவனைப் பாராட்டி 2008-இல் சென்னையில் வெளிவந்த தொகுப்பில்தான் எழுதினார். எதிராளிகளின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொல்லும் கட்டுரை அது. தேடிப் படி.

உன் கேள்வியை உனக்கு முன்பே கேட்ட ஒருவர் இருந்தார். நடு அமெரிக்காவின் பழைய மாயா மக்களின் எழுத்தை ஆராய்வதில் எரிக் தாம்சன் சொன்னால் மறுபேச்சு இல்லை என்றிருந்த காலம். அந்த எழுத்துகள் ஒலியைக் குறிப்பவை அல்ல என்பது அவர் முடிவு. 1952-இல் லெனின்கிராடிலிருந்து யூரி க்னோரொசோவ் என்ற இளைஞர், மாயா நகரம் ஒன்றைக்கூட நேரில் பார்த்திராதவர், அவை அசைகளைக் குறிக்கின்றன என்று எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் டியேகோ தெ லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதிவைத்த அரைகுறை நெடுங்கணக்குதான் அவருக்குக் கிடைத்த திறவுகோல். வெளியிட்ட சோவியத் இதழ் அந்தக் கட்டுரைக்கு மார்க்சியப் பூச்சும் பூசி அனுப்பியது. தாம்சனுக்கு அது போதும். இது கம்யூனிசப் பிரசாரம் என்று ஏளனம் செய்து ஒதுக்கினார். க்னோரொசோவின் தனித்தனி வாசிப்புகளில் பல தவறு. தாம்சன் அவற்றைச் சுட்டிக்காட்டியதும் சரிதான். ஆனால் அடிப்படை சரியாக இருந்தது. தாம்சனை மறுக்க இளையவர்கள் தயங்கினார்கள். அவர் 1975-இல் இறந்த பிறகுதான் ஒலி வழி வாசிப்பு மளமளவென்று முன்னேறியது.

தாம்சன் சாமானியர் இல்லை. மாயா நாட்காட்டியை நம் காலக்கணக்கோடு பொருத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவ்வளவு பெரிய அறிவாளியே "இவன் யாருடைய ஆள்?" என்ற கேள்வியில் விழுந்தார் என்பதைத்தான் சொல்கிறேன். அதே க்னோரொசோவின் குழு 1960-களில் சிந்துக் குறிகளைக் கணினியில் இட்டு ஆராய்ந்து, அவற்றின் அமைப்பு திராவிட மொழிகளோடு பொருந்துகிறது என்று சொன்னது. நம் மேடைகளில் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறோமே, அந்த முடிவுதான்.

'லீனியர் பி' என்ற பழைய எழுத்தை வாசித்துக் காட்டிய ஆங்கிலேயர் மைக்கேல் வென்ட்ரிஸ் இதற்கு நேர் எதிர். கிரேக்க மண்ணில் கிடைத்த 'லீனியர் பி' பலகைகளின் மொழி, பழைய இத்தாலியின் எத்ருஸ்கான் மொழிக்கு உறவானது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தார். தம் குறிப்புகளை அவ்வப்போது பிரதியெடுத்து மற்ற ஆய்வாளர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவார். 1952 ஜூனில், இது கிரேக்கமாக இருக்குமோ என்று ஒரு குறிப்பு எழுதி அதையும் அனுப்பினார். அடுத்த ஆண்டு, அவர் பார்த்தே இராத பலகை ஒன்றில் அவருடைய ஒலி மதிப்புகளைப் பொருத்திப் பார்த்தபோது, முக்காலியின் படத்துக்குப் பக்கத்திலேயே முக்காலி என்ற கிரேக்கச் சொல் வந்து நின்றது.

நான் வேலை பார்த்த காலத்தில் கோயில் சுவர்க் கல்வெட்டு ஒன்றை மைப்படி எடுத்தோம். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்தில் தாள் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, மேலே மையை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும். கொடையாகக் கொடுத்த நிலம் இரண்டு மாவா மூன்று மாவா என்பதில் எனக்கும் என் மூத்த அலுவலர் ஒருவருக்கும் தகராறு. ஒரு கோட்டை நான் உளி பட்டது என்றேன். கல் விரிந்தது என்றார் அவர். சாய்வெயிலில் போய்ப் பார்த்தோம், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தோம், தீரவில்லை. கல்வெட்டுப் பாடம் பதிப்பிக்கும்போது ஐயமுள்ள எழுத்தைப் பகர அடைப்புக்குள் போடுவது வழக்கம். அப்படியே போட்டு, அடிக்குறிப்பில் அவர் வாசிப்பையும் கொடுத்தோம். இன்றும் அது அடைப்புக்குள்தான் கிடக்கிறது. இந்தத் தகராறால் நாங்கள் ஒருவரை ஒருவர் துரோகி என்று சொல்லிக்கொள்ளவில்லை. மத்தியானச் சோறும் ஒன்றாகத்தான் உண்டோம். அவர் சும்மா தலையாட்டியிருந்தால் அந்த இடத்தை நான் அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கவும் மாட்டேன்.

சிந்து எழுத்தை வாசித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2025 ஜனவரியில், அன்று தமிழக முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பணத்தோடு மானப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டால் சத்தம் கூடத்தான் செய்யும். அதனால்தான் உன்னைப் போலக் கணக்குத் தெரிந்தவர்கள் நிதானமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

சங்கத்துச் செயலாளரிடம் பேராசிரியரின் முகவரியை வாங்கி அவருக்கு எழுது. அன்று சொன்னதற்கு முதலில் வருத்தம் தெரிவித்துவிடு. பிறகு உண்மையான கேள்வியைக் கேள். மகாதேவனின் கணக்கில் ஜாடி போன்ற குறி மட்டும் மொத்தக் குறிகளில் பத்தில் ஒரு பங்கு வருகிறது, அதுவும் பெரும்பாலும் பொறிப்பின் முடிவில். வெறும் சின்னங்கள் என்றால் அந்த ஒழுங்கு ஏன்? குஜராத்தில் உள்ள சிந்துவெளி நகரமான தோலாவீராவில் கிடைத்த பெரிய பலகையில் பத்துக் குறிகளில் ஒன்றே நான்கு முறை வருவதற்கு அவர் என்ன விளக்கம் வைத்திருக்கிறார்? பதில் வந்தால் எனக்கும் அனுப்பு. அவர் உன்னை மடக்கிவிட்டார் என்றால் தவறாமல் அனுப்பு.

அம்மா நலம்.

அன்புடன்,
அப்பா