குனிஞ்சு பாத்தியா?

போச்சம்பள்ளி,
7.9.2025

அன்பு மாதுவுக்கு,

நல்லா இருக்கியா, ஓசூர்ல மழையா, பிள்ளைங்க எப்படிப் படிக்குதுங்க? மூணுக்கும் நீயே பதில் போட்டுக்கோ. போன்ல கூப்பிட்டா "சொல்றா பாத்துக்கலாம்"னு பட்டப்பேரச் சொல்லி ஆரம்பிப்பே, நானும் சிரிச்சு மழுப்பிட்டு வெச்சிருவேன். அதனாலதான் காகிதம். வீட்டுல எழுதற பேனா கிடைக்கவே அரை மணி நேரம் ஆச்சு.

மாந்தோட்டம் காய்ச்சிருச்சுடா. காய்ச்சதுல 11 மரம் என் மானத்த வாங்கிருச்சு.

2020ல, ஊரே கதவ சாத்திட்டு உக்காந்திருந்த ஆடி மாசம், சந்தூர் நர்சரியில இருந்து 40 பெங்களூரா ரக ஒட்டுச்செடி கொண்டுவந்து வெச்சேனே. வீடியோ கால்ல பாத்துட்டு "குழியாவது ஒழுங்கா எடுத்தியா"ன்னு கேட்டே. ஜோரா எடுத்தேன். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், ஏக்கருக்குச் சரியா 40. மக்குன எரு, சொட்டுநீர், எல்லாம் உண்டு. முதல் மூணு வருஷம் பூவக்கூடக் கிள்ளி எறிஞ்சேன். இந்த வருஷம் பாத்தா 29 மரத்துல கிளிமூக்கு வெச்சு நீட்டமாத் தொங்குது. மிச்சம் 11ல உருண்டை உருண்டையா, கோலிக்குண்டுக்கு அண்ணன் மாதிரி. பழுத்தா வாயெல்லாம் நாரு. மண்டியில கணக்கெழுதறவர் ஒண்ண எடுத்து மோந்து பாத்துட்டு, "இது ஊறுகாய்க்குத்தாண்ணா ஆவும்"னு ஓரமா வெச்சுட்டாரு.

வந்த கோவத்துல நேரா நர்சரிக்குப் போயி, ஒட்டுன்னு சொல்லி வெறும் கொட்டைச்செடியக் குடுத்து ஏமாத்திட்டீங்கன்னு கத்துனேன். அங்க ரொம்ப வருஷமா ஒட்டுக்கட்டற பெரியவர் ஒருத்தர் பதிலே பேசாம என் வண்டியில பின்னாடி ஏறி உக்காந்தாரு. தோட்டத்துக்கு வந்து முதல் நாட்டு மரத்தடியில குந்துனாரு. மண்ணுல இருந்து ஒரு ஜாண் உயரத்துல தண்டுல ஒரு வீக்கம். அதுல காஞ்சுபோன குச்சி ஒண்ணு முளை மாதிரி நீட்டிட்டிருக்கு. அதத் தொட்டு, "இதாம்ப்பா நான் கட்டுன பெங்களூரா"ன்னாரு. அதுக்கு ரெண்டு விரக்கடை கீழ இருந்து கெளம்பி, கை தண்டிக்கு வளந்து, குடை விரிச்சு நிக்குது நாட்டுக்கொட்டை.

"தண்ணி விட்டியா?"

"விட்டேன்."

"எரு?"

"வெச்சேன்."

"குனிஞ்சு பாத்தியா?"

நான் என்னத்தச் சொல்ல. ஒட்டுக்குக் கீழ, அடியில இருக்கற நாட்டுச்செடியில துளிர் வந்தா அப்பப்பவே கிள்ளணும். கத்திகூட வேணாம், நகம் போதும். விட்டா வேர் ஏத்தறதையெல்லாம் அதுவே குடிச்சிரும், மேல கட்டுன நல்ல குச்சி பட்டினியில காஞ்சிரும். ரெண்டு மரத்துல கட்டுன பிளாஸ்டிக் நாடா அவுக்காம அப்படியே சதைக்குள்ள பதிஞ்சு கெடக்கு. எல்லாத்தையும் நர்சரில சொல்லித்தான் அனுப்புனாங்க. நான்தான் நல்லாத் தலைய ஆட்டிட்டு வந்தேன்.

"அப்ப அந்த 29 எப்படிப் பொழச்சுது? அதுலயும் நான் குனியலையே"ன்னேன். பெரியவர் ஒவ்வொண்ணா அடியத் தடவிப் பாத்தாரு. "யாரோ கிள்ளிருக்காங்க. முண்டு முண்டாத் தட்டுப்படுது பாரு."

அப்பதான் சுத்திப் பாத்தேன். அந்த 11ம் மேட்டுப்பக்கத்து வரிசை. முட்டி போனப்புறம் அப்பா ஏறாத மேடு.

காலையில கோல ஊணிட்டு மரத்துக்கு மரம் நின்னு நின்னு போவாரே, "உங்கப்பா அட்டெண்டன்ஸ் எடுக்கறாருடா"ன்னு நீ சொல்லி நாம சிரிச்சோமே. ஒரு வார்த்த சொல்லல மனுஷன். சொல்லி நான்தான் கேக்கலையோ, அதுவும் ஞாபகம் இல்ல.

அன்னியில இருந்து தூக்கம் சரியில்ல. சர்க்கரை டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்த சீட்டு பொங்கல்ல இருந்து பீரோல கெடக்கு. சந்தையில ஒருத்தர்கிட்ட பையன் எட்டாவதுன்னு பெருமையாச் சொல்லிட்டிருக்கேன், பக்கத்துல நின்னவன் "ஒம்பதாவதுப்பா"ங்கறான். அவன் மூஞ்சியப் பாக்க முடியல.

அப்புறம் உங்க அம்மா. மாசியில தகவல் வந்தப்ப, பதினாறாம் நாளைக்குப் போயிக்கலாம்னேன். அதுக்கும் வரல. அப்புறம் மாங்கா சீசன்னேன். அவங்க கையால களியும் கீரைக் கடைசலும் தின்னு வளந்த உடம்புடா இது. எங்கப்பா போனப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு நீ வாசல்ல நின்னே. இதப்பத்தி நீ இதுவரைக்கும் ஒண்ணுமே கேக்கல. கேட்டிருந்தா திட்டாவது வாங்கியிருப்பேன்.

நீ வேற ரகம். கண்டக்டர் தரவேண்டிய எட்டணாவ டைரியில எழுதிவெச்சு, மூணு நாள் கழிச்சு காவேரிப்பட்டணத்துல அந்த ஆளையே புடிச்சு வாங்குனவன். அன்னிக்கு உன்னக் கஞ்சன்னோம். கட்டையன் இன்னிக்கும் அதத்தான் சொல்றான், அது வேற.

மரத்த வெட்டி எறியலாம்னேன். "வேரு நல்ல வேருப்பா, தலைய மட்டும் எடு"ன்னாரு பெரியவர். ஆனி கடைசியில 11யும் இடுப்பளவுல அறுத்துட்டேன். இப்ப செம்புக் கலர்ல துளிர் வந்து நிக்குது, அதுல நாலஞ்ச விட்டுட்டு மேல புதுசா ஒட்டுக் கட்டணும். கூலிக்குக் கட்டித் தர்றேன்னாரு. வேணாம், கத்துக் குடுங்கன்னு ஆடி பூரா சந்தூர்லயே கெடந்தேன். தாய்மரத்துக் குச்சிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே இலையக் கிள்ளி விடணும், அப்பத்தான் மொட்டு பருக்கும். அப்புறம் ஆப்பு மாதிரி ரெண்டு பக்கமும் சீவணும், பக்கத்துக்கு ஒரே இழுப்பு. ரெண்டாவது இழுப்பு இழுத்தா மேடு பள்ளமாயிரும், ஒட்டாது. முதல் நாள் கட்டுன 20ல 4 புடிச்சுது. அடுத்த ஈட்டுல 13. பெரியவருக்கு 18. மிச்ச ரெண்டுக்கு வெயில் மேல பழி போடறாரு.

கட்டைவிரல்ல ரெண்டு தையல். சிரிக்காத.

வர்ற ஞாயிறு 14ஆம் தேதி, முதல் பஸ்ஸுக்கு ஓசூர் வர்றேன். அம்மா படத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உக்காரணும். அப்புறம் எவ்வளவு வேணா திட்டு. வருவேன்னு நீ நம்ப மாட்டே. நம்பாத, தங்கச்சிகிட்ட மட்டும் ஒரு ஆளுக்குச் சேத்து உலை வெக்கச் சொல்லு.

உன்
பாத்துக்கலாம்

பி.கு: அந்த நாட்டு மாங்காய ஊறுகாய் போட்டாச்சு. சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே இருக்கு. ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வர்றேன். கட்டையனுக்குச் சொல்லிராத.